சோயா மெழுகுவர்த்தித் தொழில்: விற்பதற்கு முன் எரித்துப் பாருங்கள்

வீட்டிலேயே சோயா மெழுகுவர்த்தி செய்து சின்ன அளவில் விற்கத் தொடங்க நினைக்கிறீர்கள். என்னென்ன வாங்க வேண்டும், எதிலிருந்து தொடங்க வேண்டும், விலை எப்படி வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மெழுகை உருக்கி, வாசனை கலந்து, கண்ணாடி ஜாடியில் ஊற்றுவதை ஒரே மாலையில் கற்றுக்கொண்டுவிடலாம். இந்தத் தொழிலின் கஷ்டம் அதில் இல்லை. நீங்கள் விற்கப்போவது நெருப்பு. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில், குழந்தைகள் ஓடியாடும் அறையில், நீங்கள் பக்கத்தில் இல்லாதபோது அது எரியும். முதல் மணி நேரத்திலிருந்து கடைசி மணி நேரம் வரை அது எப்படி எரியும் என்பதை நீங்கள் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அதனால் முதல் இரண்டு மூன்று மாதங்களைச் சோதனைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். அந்தக் காலத்தில் ஒன்றுகூட விற்காவிட்டாலும் பரவாயில்லை.

முதலில் மெழுகு. சோயா எண்ணெயில் ஹைட்ரஜன் சேர்த்துக் கெட்டியாக்கினால் கிடைப்பதுதான் சோயா மெழுகு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மைக்கேல் ரிச்சர்ட்ஸ் என்பவர், விலை கூடிய தேன்மெழுகுக்கு மாற்று தேடியபோது இதை மெழுகுவர்த்திக்குக் கொண்டுவந்தார். ஜாடியில் ஊற்றுவதற்கான சோயா மெழுகு பெரும்பாலும் 45 முதல் 52 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அவ்வளவு மென்மையானது என்பதால்தான் அதற்கு ஜாடி வேண்டியிருக்கிறது. தனியாக நிற்கும் தூண் வடிவ மெழுகுவர்த்திக்கு இன்னும் கடினமான வேறு ரகம் உண்டு. தொடங்குபவருக்கு ஜாடி ரகமே போதும். ஒரு எச்சரிக்கை: 'சோயா' என்று பெயர் போட்டு வரும் சில மூட்டைகளில் பாரஃபினோ, பாமாயில் மெழுகோ, தேங்காய் மெழுகோ கலந்திருக்கும். கலப்பில் தவறில்லை, சில கலப்புகள் தனி சோயாவைவிட நன்றாகவே எரியும். ஆனால் என்ன கலந்திருக்கிறது என்று விற்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கலப்பு மெழுகை '100 சதவீதம் சோயா' என்று எழுதி விற்கக் கூடாது.

இனி, என்ன வாங்குவது என்பதைவிட எவ்வளவு குறைவாக வாங்குவது என்பதைச் சொல்கிறேன். ஒரு மெழுகு, ஒரு ஜாடி, மூன்று வாசனை. அதோடு நிறுத்துங்கள். நான் தொடங்கியபோது ஆசையில் பன்னிரண்டு வாசனையும் நான்கு வகை ஜாடியும் வாங்கினேன். ஒவ்வொரு வாசனைக்கும் ஒவ்வொரு ஜாடிக்கும் திரியைத் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 12 வாசனை, 4 ஜாடி, ஒவ்வொன்றுக்கும் 3 திரி அளவு என்றால் 144 மெழுகுவர்த்திகளை முழுவதும் எரித்து முடிக்க வேண்டும். மூன்று வாசனை, ஒரு ஜாடி, மூன்று திரி என்றால் ஒன்பதுதான். ஒன்பதை ஒருவர் கவனமாக எரித்துக் குறிப்பெடுக்க முடியும். 5 கிலோ மெழுகு இருந்தால் அந்தச் சோதனை முழுவதையும் முடித்து, மேலும் ஒரு சுற்று திருத்திச் செய்யவும் போதும்.

சாமான்கள் அதிகம் வேண்டாம். ஒரு கிராம் வரை, முடிந்தால் அதற்கும் கீழே துல்லியமாகக் காட்டும் மின்னணுத் தராசு, ஒரு தெர்மாமீட்டர், மூக்கு வைத்த ஊற்றும் குவளை, திரியை நடுவில் நிமிர்த்திப் பிடிக்கும் குச்சியோ கிளிப்போ, திரியின் அடித்தட்டை ஜாடியில் ஒட்ட வெப்பம் தாங்கும் ஸ்டிக்கர். இவற்றில் தராசில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். மெழுகையும் வாசனையையும் எப்போதும் எடை போட்டுத்தான் எடுக்க வேண்டும். கரண்டிக் கணக்கில் செய்தால் நன்றாக வந்த ஒரு மெழுகுவர்த்தியை உங்களாலேயே இரண்டாவது முறை செய்ய முடியாது.

மெழுகு உருக்கும் பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்க வேண்டாம். ஒரு பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் மெழுகுக் குவளை இருக்கட்டும். தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, அதனால் மெழுகும் எல்லை தாண்டாது. அடுப்பை விட்டு நகராதீர்கள். அப்படியும் மெழுகு தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. தண்ணீர் அடியில் போய் நொடியில் ஆவியாகி, எரியும் மெழுகை நாலா பக்கமும் வீசி அடிக்கும். அடுப்பை அணைத்து, மூடி போட்டுக் காற்றை அடைக்க வேண்டும். அதற்கான மூடியும், எண்ணெய்த் தீக்கு ஏற்ற தீயணைப்பானும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். மிஞ்சிய மெழுகைச் சிங்க்கில் கொட்டாதீர்கள், குழாய்க்குள் உறைந்துவிடும்.

ஜாடிக்கு எவ்வளவு மெழுகு பிடிக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. நீங்கள் நிரப்ப நினைக்கும் மட்டம் வரை தண்ணீர் ஊற்றி, அதை எடை போடுங்கள். 200 கிராம் தண்ணீர் பிடித்தால், மெழுகு தண்ணீரைவிட லேசானது என்பதால் ஏறத்தாழ 175 கிராம் பிடிக்கும். இதில் வாசனையும் அடக்கம். மெழுகின் எடையில் 8 சதவீதம் வாசனை என்றால் 162 கிராம் மெழுகு, 13 கிராம் வாசனை எண்ணெய். ஜாடியில் எழுதியிருக்கும் மில்லிலிட்டர் அளவை அப்படியே கிராமாக எடுத்துக்கொண்டால் கணக்குத் தப்பும், அந்தத் தப்பு விலை வரைக்கும் தொடரும்.

வாசனை எண்ணெய் விஷயத்தில் எல்லோருக்கும் வரும் முதல் ஆசை, நிறையச் சேர்த்தால் நிறைய மணக்கும் என்பது. அப்படி நடக்காது. ஒவ்வொரு மெழுகும் இவ்வளவுதான் எண்ணெய் தாங்கும் என்று தயாரிப்பாளர் ஓர் உச்ச அளவு சொல்லியிருப்பார். சோயாவுக்கு அது பெரும்பாலும் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும். அதைத் தாண்டினால் எண்ணெய் மெழுகோடு சேராமல் மேலே வியர்த்து நிற்கும், திரியை அடைக்கும், சில நேரம் எரியும்போது திரியைச் சுற்றி உருகித் தேங்கும் மெழுகுக் குளத்தின் மேல்பரப்பே தீப்பிடிக்கவும் வழி செய்யும். 6 சதவீதத்தில் தொடங்கி, போதவில்லை என்றால் 8க்குப் போங்கள். மெழுகை 80 முதல் 85 டிகிரி வரை சூடாக்கி, எண்ணெயைச் சேர்த்து, இரண்டு நிமிடம் நிதானமாகக் கலக்குங்கள். எண்ணெய்ப் புட்டியில் ஒரு தீப்பற்று வெப்பநிலை எழுதியிருக்கும். அதற்கு மேல் சூடான மெழுகில் சேர்த்தால் வாசனை எல்லாம் பறந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்த எண் வாசனை பறப்பதைப் பற்றியதே அல்ல. நெருப்பு பக்கத்தில் வந்தால் அதன் ஆவி எப்போது பற்றும் என்பதைச் சொல்வது. எண்ணெயை எங்கே வைக்கலாம், எப்படி அனுப்பலாம் என்பதற்குத்தான் அது முக்கியம்.

மெழுகுவர்த்திக்கு என்று விற்கும் எண்ணெயையே வாங்குங்கள். உடம்பில் பூசும் அத்தரையோ, அறையில் தெளிக்கும் திரவத்தையோ கலக்கக் கூடாது. நல்ல விற்பனையாளர் ஒவ்வொரு எண்ணெய்க்கும் பாதுகாப்புத் தாளும், சர்வதேச வாசனைப் பொருள் சங்கமான இஃப்ராவின் விதிப்படி எவ்வளவு வரை சேர்க்கலாம் என்ற சான்றும் கொடுப்பார். இந்த இரண்டையும் கொடுக்காதவரிடம் வாங்காமல் இருப்பதே நல்லது. தாவரங்களிலிருந்து வடித்த தைலம் இயற்கையானது, ஆகவே ஆபத்தில்லாதது என்று நினைத்துவிடவும் வேண்டாம். அவற்றில் பல விலை கூடியவை, சூட்டில் மணம் தங்காதவை. தோலுக்கும் மூச்சுக்கும் ஒத்துக்கொள்ளாதவையும் உண்டு. அப்புறம், வெனிலா மணம் தரும் வெனிலின் என்ற பொருள் இருக்கும் வாசனைகள் வெள்ளை மெழுகைச் சில வாரங்களில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாற்றிவிடும். அது கெட்டுப்போனதில்லை. ஆனால் வாங்குபவருக்கு அது தெரியாது, முன்பே சொல்லிவிடுங்கள்.

ஊற்றும் சூடு மெழுகுக்கு மெழுகு மாறும். 55 முதல் 60 டிகிரியில் தொடங்கி, மேல்பரப்பு எப்படி வருகிறது என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஜாடிகள் குளிர்ந்து இருக்கக் கூடாது, ஒன்றோடொன்று ஒட்டி இருக்கக் கூடாது, மெதுவாக ஆற வேண்டும். சோயாவில் ஆறியபின் மேலே உப்புப் பூத்தது போல் வெள்ளை படர்வதைப் பார்ப்பீர்கள். அந்த மெழுகு படிகமாக மாறும் இயல்பு அது. எரிவதற்கு அதனால் ஒரு குறையும் இல்லை. கண்ணாடியை விட்டு மெழுகு அங்கங்கே பிரிந்து ஈரத் திட்டுப் போலத் தெரிவதும் அப்படித்தான். ஆரம்பத்தில் நான் இந்த இரண்டையும் ஒழிக்கவே வாரக்கணக்கில் செலவழித்தேன். அந்த நேரத்தைத் திரிக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

ஊற்றிய மறுநாளே கொளுத்திவிட்டு 'மணமே இல்லை' என்று சொல்லாதீர்கள். சோயா இறுக நாளாகும். மூடி போட்டு ஒரு வாரம், முடிந்தால் இரண்டு வாரம் விட்டுவிட்டு எரியுங்கள். மணத்தைச் சோதிக்கும்போது, ஊற்றிய அதே அறையில் நீங்களே முகர்ந்து முடிவு செய்ய வேண்டாம். மூக்கு சீக்கிரம் பழகிவிடும். வேறு அறையில் எரியவிட்டு, வெளியே போய் வந்து பாருங்கள், அல்லது வீட்டுக்கு வரும் ஒருவரைக் கேளுங்கள்.

இப்போது திரிக்கு வருகிறேன். எரிவது திரி என்று நினைக்கிறோம், உண்மையில் எரிவது மெழுகின் ஆவி. சுடரின் சூட்டில் உருகிய மெழுகு திரியின் வழியாக மேலேறி, ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. திரி சின்னதாக இருந்தால் மெழுகு போதுமான அளவு உருகாது. நடுவில் கிணறு போலக் குழி விழுந்து, சுற்றிலும் எரியாத மெழுகு சுவராக நிற்கும். ஒரு கட்டத்தில் சுடர் மூழ்கி அணைந்துவிடும். திரி பெரிதாக இருந்தால் தேவைக்கு மேல் மெழுகு ஏறும், முழுவதும் எரிய முடியாமல் கரியாகும், கண்ணாடி கறுக்கும், சுடும். சோயா கரியே விடாது என்று விளம்பரங்களில் சொல்வதை நம்பாதீர்கள். திரி தப்பினால் எந்த மெழுகும் கரி விடும்.

வாசனை எண்ணெய்க்கும் திரிக்கும் சம்பந்தம் உண்டு. கனமான ஓர் எண்ணெய் மெழுகு ஏறுவதைத் தடுக்கும், லேசான ஒன்று விறுவிறுவென எரியவிடும். அதே மெழுகு, அதே ஜாடி, வாசனை மட்டும் மாறினால்கூடத் திரி அளவு மாறலாம் என்பது இதனால்தான். சாயம் சேர்த்தாலும் அப்படியே. எண்ணெயில் கரையும் மெழுகுவர்த்திச் சாயத்தையே பயன்படுத்துங்கள். குழந்தைகள் படம் வரையும் வண்ண மெழுகுக் குச்சிகளில் இருக்கும் நிறமித் துகள் திரியை அடைத்துவிடும்.

சோயாவுக்குப் பருத்தியில் காகித இழை சேர்த்துப் பின்னிய சிடி, ஈகோ வகைத் திரிகள் பரவலாகப் பயன்படுகின்றன. எந்த வகை எடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு வகையின் 10ஆம் எண்ணும் இன்னொரு வகையின் 10ஆம் எண்ணும் ஒரே அளவு அல்ல. ஜாடியின் உள்விட்டத்தை அளந்து, விற்பவரின் அட்டவணையில் அதற்கு நேரே சொல்லும் எண்ணை எடுங்கள். அதோடு ஒரு எண் கீழே, ஒரு எண் மேலே என்று மூன்றாக வாங்குங்கள். அட்டவணை உங்கள் தேடலைச் சுருக்கித் தரும், விடையை எரித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். உள்விட்டம் 9 செ.மீ.யைத் தாண்டினால் இரண்டு திரி தேவைப்படலாம், அதனால் முதல் ஜாடியை 7 செ.மீ. அளவில் தேர்ந்தெடுங்கள். மரத் திரி சடசடக்கும் ஓசைக்காகப் பலருக்குப் பிடிக்கும், ஆனால் அணைந்து அணைந்து போகும், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். உலோக உள்ளிழை இருக்கும் திரி என்றால் என்ன உலோகம் என்று கேளுங்கள். ஈய இழைத் திரியை அமெரிக்கா 2003இல் தடை செய்துவிட்டது. எங்கே இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

சோதனை இப்படி. மூன்று ஜாடியிலும் தேதி, மெழுகு, வாசனை, சதவீதம், திரி எண் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வொன்றையும் எடை போடுங்கள். திரியை 5 மி.மீ. அளவுக்கு வெட்டி, காற்று அடிக்காத இடத்தில் கொளுத்துங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை குளத்தின் அகலம், ஆழம், சுடரின் உயரம், கண்ணாடியின் சூடு, திரி முனையில் காளான் போல் கரி கட்டுகிறதா என்பதைக் குறியுங்கள். நான்கு மணி நேரத்தில் அணைத்து, முழுவதும் ஆறவிட்டு, திரும்ப எடை போட்டு, திரியை வெட்டி, அடுத்த சுற்று. இப்படி அடி வரைக்கும். எடை எவ்வளவு குறைந்தது என்பதை மணிக்கணக்கால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிராம் எரிகிறது என்று தெரியும். மணிக்கு 5 கிராம் என்றால், 175 கிராமும் எரிந்து முடிய சுமார் 35 மணி நேரம் ஆகும், அடியில் எரிக்காமல் விடச் சொல்லும் மெழுகுக்கான நேரத்தை அதில் கழித்துக்கொள்ளுங்கள். லேபிளில் எழுதும் நேரம் இப்படி வந்ததாக இருக்க வேண்டும்.

இதில் பலர் தடுக்கி விழும் ஓர் இடம் இருக்கிறது. முதல் எரிப்பிலேயே குளம் கண்ணாடி விளிம்பைத் தொட வேண்டும் என்று எதிர்பார்த்துப் பெரிய திரிக்குப் போய்விடுகிறார்கள். மெழுகு கீழே இறங்க இறங்க, ஜாடியின் சுவர் சூட்டைப் பிடித்துவைக்கும். மேலே சுவரில் மெல்லிய படலம் விட்ட திரி, பாதிக்குக் கீழே அதையும் உருக்கி இழுத்துக்கொள்ளும். மேலேயே சீக்கிரம் விளிம்பைத் தொட்ட திரி, கீழே போகும்போது கண்ணாடியைக் கையால் பிடிக்க முடியாதபடி சுடவைக்கும். அதனால் மூன்றாவது, நான்காவது எரிப்பு வரை தீர்ப்புச் சொல்லாதீர்கள். குளத்தின் ஆழம் ஒரு செ.மீ. அல்லது சற்று அதிகம் இருந்தால் நல்லது. கடைசி ஒரு செ.மீ. மெழுகில் என்ன நடக்கிறது என்பதைப் பக்கத்திலேயே இருந்து பாருங்கள். ஜாடி வெடிப்பது பெரும்பாலும் அங்கேதான். திரி நிற்கும் உலோகத் தட்டின் கழுத்து சற்று உயரமாக இருந்தால் சுடர் அடியைத் தொடுவதற்கு முன்பே அணைந்துவிடும்.

ஒழுங்காகச் சோதித்து ஒன்று தேறிய பிறகு, அதே மாதிரி இன்னொன்றை எடுத்து ஒழுங்கில்லாமல் எரியுங்கள். திரியை வெட்டாமல், எட்டு மணி நேரம் விடாமல். வாங்குபவர்களில் பலர் அப்படித்தான் எரிப்பார்கள். அதிலும் சுடர் கட்டுக்குள் இருந்து, கண்ணாடி தாங்கினால் அந்த மெழுகுவர்த்தியை விற்கலாம்.

ஜாடியைப் பற்றிச் சுருக்கமாக. வெப்பம் தாங்கும், மெழுகுவர்த்திக்கு என்றே செய்த கண்ணாடியோ தகரமோ நல்லது. வாய் குறுகியது வேண்டாம், மேலே சூடு தேங்கும். குடிக்கும் டம்ளர், மரக் கிண்ணம், பிளாஸ்டிக், கீறல் விழுந்த பழைய பாத்திரம் எதுவும் வேண்டாம். மேலே காய்ந்த பூக்களைத் தூவினால் படம் அழகாக வரும், ஆனால் அவை ஒவ்வொன்றும் இரண்டாவது திரி. தூவாதீர்கள்.

லேபிளில் மூன்று எச்சரிக்கைகள் கட்டாயம்: கண் பார்வையில் வைத்தே எரிக்கவும், தீப்பற்றும் பொருட்களிலிருந்து தள்ளி வைக்கவும், குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் எட்டாத இடத்தில் வைக்கவும். அதோடு எடை, நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிக்க வேண்டாம், திரியை 5 மி.மீ.க்கு வெட்டவும், ஒரு செ.மீ. மெழுகு மிஞ்சும்போது நிறுத்தவும், உங்கள் பெயர், தொகுதி எண். அமெரிக்காவில் இதற்கென்று ஏஎஸ்டிஎம் எஃப்2058 என்ற தரமும், ஐரோப்பாவில் ஈஎன் 15494 என்ற தரமும் இருக்கின்றன. ஐரோப்பாவில் வாசனையில் ஒவ்வாமை உண்டாக்கும் பொருட்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருந்தால், ரசாயனப் பொருட்களை வகைப்படுத்தி லேபிள் ஒட்டுவதற்கான சிஎல்பி விதிப்படி அதையும் லேபிளில் எழுத வேண்டும். நீங்கள் விற்கும் நாட்டில் என்ன விதி, பதிவு வேண்டுமா என்று முதல் விற்பனைக்கு முன்பே விசாரியுங்கள். பொருளால் வரும் சேதத்துக்கான காப்பீட்டைப் பற்றியும் கேளுங்கள். வீட்டுக் காப்பீடு வீட்டில் நடக்கும் தொழிலுக்குப் பொருந்தாமல் போகலாம். தொகுதி எண்ணை எதற்காகச் சொல்கிறேன் என்றால், ஒரு ஜாடியில் குறை தெரிந்தால் அதே நாளில் ஊற்றிய மற்ற ஜாடிகள் யாரிடம் போயின என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

விலைக்கு வருவோம். மெழுகும் வாசனையும் மட்டும் செலவு அல்ல. ஜாடி, மூடி, திரி, ஸ்டிக்கர், லேபிள், பெட்டி, உடைந்தவை, சோதனையில் எரித்தவை, காப்பீடு எல்லாம் உண்டு. அப்புறம் உங்கள் நேரம். ஒருமுறை கடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். ஜாடி துடைப்பதிலிருந்து பெட்டி கட்டுவது வரை 24 மெழுகுவர்த்திக்கு நான்கு மணி நேரம் ஆனால் ஒன்றுக்குப் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்கு ஒரு கூலி போடுங்கள். இவ்வளவையும் கூட்டினால் வருவது ஒரு பங்கு. கடைகளுக்கு மொத்தமாகக் கொடுக்கும் விலை இரண்டு பங்கு, நேரடியாக விற்கும் விலை நான்கு பங்கு என்பது ஒரு நல்ல தொடக்கக் கணக்கு. கடைக்காரர்கள் பெரும்பாலும் விற்பனை விலையில் பாதிக்குத்தான் கேட்பார்கள், அதனால் அந்த இடைவெளி முதலிலேயே இருக்க வேண்டும். தெரிந்தவர்களுக்கு மலிவாக விற்கத் தொடங்கிவிட்டு, பிறகு கடைக்குப் போகும்போது விலையை இரட்டிப்பாக்குவது மிகவும் சங்கடமான வேலை. கணக்குப்படி வந்த விலை அதிகமாகத் தோன்றினால், உங்கள் கூலியை வெட்டுவதற்கு முன் ஜாடியையும் பெட்டியையும் பாருங்கள். பணம் அதிகமாகப் போவது பெரும்பாலும் அங்கேதான்.

விற்பதற்கு, மக்கள் கையில் எடுத்து முகரக்கூடிய இடம்தான் முதலில் நல்லது: சந்தை, கண்காட்சி, பரிசுப் பொருள் கடை. இணையத்தில் மணம் தெரியாது. அங்கே விற்றால் சின்னத் தகர டப்பியில் மாதிரி அனுப்ப ஒரு வழி வையுங்கள். அந்தச் சின்ன டப்பிக்கும் தனியாகத் திரி சோதனை உண்டு. வெயில் காலத்தில் மூடிய வண்டிக்குள் சூடு ஏறினால் சோயா இளகிவிடும், ஆகவே அந்த மாதங்களில் நீண்ட தூரம் அனுப்புவதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது வாசனையை எப்போது சேர்ப்பது என்றும் யோசிப்பீர்கள். முதல் மூன்றில் ஒன்றை அதே ஆட்கள் திரும்ப வந்து கேட்கும்போது சேருங்கள். அதற்கும் மூன்று திரி, இரண்டு வாரம் முதிர்வு, அடி வரை எரிப்பு என்று முழுச் சுற்றும் செய்ய வேண்டும். மெழுகின் புது மூட்டை பிரிக்கும்போதும் விற்பனைக்கு ஊற்றுவதற்கு முன் ஒரு ஜாடி ஊற்றி, முதிரவிட்டு, முழுவதும் எரித்துப் பாருங்கள். விளைச்சலுக்கு விளைச்சல் எண்ணெய் மாறும், அதே பெயர் போட்ட மெழுகு சற்று வேறு மாதிரி எரிந்ததை நான் பார்த்திருக்கிறேன். பழைய குறிப்பேடு கையில் இருந்தால் முதல் நான்கு மணி நேரத்திலேயே அந்த வித்தியாசம் தெரிந்துவிடும்.